அப்ரைட் பியானோவில் சுருதி நிற்கவில்லையா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

ட்யூன் செய்த பத்தே நாளில் சுருதி கலைந்தால், முதலில் பழி விழுவது பின் பிளாக்கின் மேல்தான். கம்பியை இறுக்கும் எஃகு ஆணிதான் பின்; அந்தப் பின்கள் பதிந்திருக்கும் மரக்கட்டைதான் பின் பிளாக். பின் எல்லாம் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டிப் பசை ஊற்றுகிறார்கள். அதற்குப் பிறகும் சுருதி நிற்காதபோதுதான் அறையில் ஈரப்பதம் எவ்வளவு என்று பார்க்கத் தோன்றுகிறது. நம் ஊர்ப் பருவநிலையில் சுருதி நிற்காத பியானோக்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அறை, அல்லது பின்னைத் திருப்பும் லீவரைப் பிடித்த கை. பின் பிளாக் அதற்கும் பின்னால்தான் வருகிறது.

அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். அறை, லீவர் பிடிக்கும் முறை, கம்பி, பின், கம்பிகள் மேலே அழுந்தி நிற்கும் மரக்கட்டையான பிரிட்ஜ், கடைசியில் சட்டகம். செலவில்லாத, திரும்பச் சரிசெய்யக்கூடிய வேலைகள் முன்னால் வருகின்றன. ஊற்றிய பசையை வெளியே எடுக்க வழியில்லை.

எது கோளாறு, எது இயல்பு என்பதும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். ஈரப்பதக் கட்டுப்பாடு இல்லாத அறையில், பருவம் மாறும்போது நடு ஆக்டேவ்கள் 10 முதல் 15 சென்ட் வரை ஏறி இறங்குவது மரத்தின் இயல்பு. ஆனால் ஒரே நோட்டின் மூன்று கம்பிகள் ஒரு வாரத்துக்குள் தனித்தனியாகப் பிரிந்து, சத்தம் அலைபோல ஏறி இறங்கினால் அது கோளாறு.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டாம் எண் நட்சத்திர முனை பொருத்திய, தண்டு வளையாத ட்யூனிங் லீவர் ஒன்று. மலிவான லீவர்களில் முனை திருகு மரையில் ஆடும். அந்த ஆட்டத்தைப் பின்னின் அசைவு என்று கை தவறாக எடுத்துக்கொள்ளும். பக்கத்துக் கம்பி ஒலிக்காமல் தடுக்கும் ரப்பர் ஆப்பு மியூட் நான்கு வேண்டும். ஹாமர் தண்டுகளுக்கு இடையே நுழையும் இடுக்கி வடிவ மியூட் ஒன்றும் வேண்டும். அப்ரைட்டில் மேல் ஆக்டேவ்களை அது இல்லாமல் எட்ட முடியாது.

பியானோவுக்கென்றே எழுதிய செயலி ஒன்று: ட்யூன்லேப், பியானோமீட்டர், என்ட்ரோபி பியானோ ட்யூனர் போன்றவை. கிட்டார் ட்யூனர் செயலி போதாது. பியானோக் கம்பி விறைப்பானது. அதன் மேல் ஒலிகள் கணக்கைவிடச் சற்று உயர்ந்தே ஒலிக்கும். அதைக் கணக்கில் எடுக்காத செயலியை வைத்து ட்யூன் செய்தால் ஆக்டேவ்கள் சேராது. அதைச் சுருதி கலைந்தது என்று எண்ணிக் குழம்புவீர்கள்.

டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றும் வாங்குங்கள், வாங்கியதும் சோதியுங்கள். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு பதத்துக்குத் தண்ணீர் விடுங்கள். அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத பையில் ஒன்றாக வைத்து மூடி, ஒரு நாள் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 69 காட்டினால் எப்போதும் 6 கூட்டிப் படிக்க வேண்டும்.

கண்ணைக் காக்கும் கண்ணாடி, காதடைப்பான், நல்ல டார்ச் ஆகியவையும் தேவை. ஒவ்வொரு கம்பியும் சுமார் 70 கிலோ இழுவிசையில் நிற்கிறது. அறுந்தால் முகத்துக்கு நேராக வரும்.

2. லீவரைத் தொடாமல் குறிப்பெடுங்கள்

கலைந்த சுருதியைப் பார்த்ததும் சரிசெய்துவிடத் துடிக்கும் கைதான் முதல் தடை. சரிசெய்த நொடியில் தடயம் அழிந்துவிடும்.

ஏ1 முதல் ஏ7 வரை ஏழு ஏ (A) நோட்டுகளின் அளவை, அதாவது எத்தனை சென்ட் ஏறியோ இறங்கியோ இருக்கிறது என்பதை, செயலியில் பார்த்து எழுதுங்கள். தாமிரம் சுற்றிய பாஸ் கம்பிகள் முடிந்து வெறும் எஃகுக் கம்பி தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் இரண்டிரண்டு நோட்டுகளை அளந்து எழுதுங்கள். ஏ3, ஏ4, ஏ5 மூன்றிலும் இடது, நடு, வலது கம்பிகளைத் தனித்தனியாக மியூட் வைத்து அளக்க வேண்டும். பக்கத்திலேயே தேதி, நேரம், அறை வெப்பநிலை, ஈரப்பதம், ஏசி ஓடியதா என்பதும் வேண்டும்.

இதையே மறுநாள், ஒரு வாரம் கழித்து, இரண்டு வாரம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள். ஒரே நாளில் காலையும் இரவும் ஒரு முறை அளந்தால் இன்னும் நல்லது. இரவு முழுக்க ஏசி ஓடும் அறையில் அந்த இரண்டு அளவுகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

3. கலைந்த விதத்தைப் படிப்பது

குறிப்பில் முதலில் பார்க்க வேண்டியது பாஸ் முடியும் இடம். உதாரணத்துக்கு, கடைசி பாஸ் நோட் +3, அதற்கு அடுத்த எஃகுக் கம்பி நோட் +14, ஏ3 +12, ஏ4 +9, ஏ7 +2 என்று வந்தால் பின்னைச் சந்தேகிக்கத் தேவையே இல்லை. கம்பியின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான சவுண்ட்போர்டு ஈரம் குடித்து உப்பி, பிரிட்ஜை முன்னே தள்ளி, கம்பிகளை இழுத்திருக்கிறது. பாஸ் கம்பிகள் வேறு பிரிட்ஜில், பலகையின் ஓரத்தில் இருப்பதால் அவ்வளவு ஏறவில்லை. நடுப்பகுதி மொத்தமாக ஏறினால் ஈரம், மொத்தமாக இறங்கினால் வறட்சி. இரண்டிலும் மூன்று கம்பிகள் ஏறக்குறைய ஒன்றாகவே நகர்ந்திருக்கும்.

சராசரி அளவு சரியாகவே இருந்து, ஒரே நோட்டின் கம்பிகள் மட்டும் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தால், அதுவும் ட்யூன் செய்த சில நாளிலேயே, பின்னை ஒழுங்காக நிறுத்தவில்லை என்று பொருள். பகுதி 5.

ஒவ்வொரு முறையும் அதே ஐந்தாறு கம்பிகள் மட்டும் இறங்கினால் தளர்ந்த பின். பகுதி 8.

ஒரு பகுதி முழுவதும், பாஸ் மட்டுமோ மேல் ஆக்டேவ்கள் மட்டுமோ, ஈரப்பதம் மாறாத நாட்களிலும் வாரா வாரம் இறங்கினால் பிரிட்ஜ் அல்லது சட்டகம். இதைப் பார்த்தால் இடையில் எதுவும் செய்யாமல் நேராகப் பகுதி 9-க்கும் 10-க்கும் போங்கள்.

அளந்துகொண்டிருக்கும்போதே அளவு நகர்ந்தால், வெயிலோ மேடை விளக்கோ ஏசிக் காற்றோ நேராகக் கம்பியில் படுகிறது. எஃகு சூடானால் உடனே இறங்கும், குளிர்ந்தால் ஏறும். இது நிமிடக் கணக்கில் நடப்பது. மரத்தின் மாற்றம் நாள் கணக்கில் நடப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

4. அறையை நிலைப்படுத்துங்கள்

பியானோவுக்கு 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் ஏற்றது என்பார்கள். சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கருவிகள் இல்லாமல் அதை எட்டுவது கடினம். அதைவிட முக்கியம், ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பது. எப்போதும் 65-இல் நிற்கும் அறையில் உள்ள பியானோ, 45-க்கும் 75-க்கும் இடையே தினமும் அலையும் பியானோவைவிட நன்றாகச் சுருதியில் நிற்கும்.

இரவு எட்டு மணி நேரம் ஏசி, பகலில் ஜன்னல் திறப்பு என்ற படுக்கையறைதான் மிக மோசமான இடம். ஏசியே இல்லாத கூடத்துக்கு மாற்றுங்கள், அல்லது ஏசி எப்போதும் ஒரே நிலையில் ஓடும் அறைக்கு மாற்றுங்கள்.

அப்ரைட்டின் முதுகுப் பக்கம் திறந்தே இருக்கும். சவுண்ட்போர்டு சுவரைப் பார்த்து நிற்கும். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் சாத்தி வைத்தால் சுவரின் ஈரம் முழுவதும் பலகைக்குத்தான். உள்சுவரில், ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். குளியலறைச் சுவரும் வெளிச்சுவர் மாதிரிதான். தினமும் தரையை ஈரத்துணியால் துடைக்கும் வீடுகளில் பியானோவுக்குக் கீழே மட்டும் உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

உள்ளே பல்பு எரிய விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. செய்யாதீர்கள். ஒரே இடத்தைச் சுடவைத்து அந்தப் பக்கத்துப் பலகையை மட்டும் உலர்த்தும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சிலிக்கா ஜெல் பொட்டலமும் பயன்படாது. பியானோ மூடிய டப்பா இல்லையே. சில நாளில் பொட்டலம் நிறைந்துவிடும். இதற்கென்றே செய்த உலர்த்தும் கம்பி, டாம்ப்-சேஸர் போன்றது, கீழ்ப் பலகைக்குப் பின்னால் பொருத்தப்படும். ஈரப்பதத்தைப் பார்த்துத் தானே அணைந்து எரியும் ஹியூமிடிஸ்டாட்டோடு சேர்த்து வாங்குங்கள். அது இல்லாமல் ஏசி அறையில் உலர்த்தும் கம்பியை மட்டும் எரியவிட்டால் மரம் தேவைக்கு மேல் காய்ந்து, பின் பிளாக்கே தளரும்.

இடம் மாற்றியபின் இரண்டு மூன்று வாரம் விட்டு ட்யூன் செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய முதல் வாரத்தில் ட்யூன் செய்வது வீண். பலகை இன்னும் உப்பிக்கொண்டுதான் இருக்கும். மழை முடிந்து ஜனவரிக் கடைசியில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை என்று ஆண்டுதோறும் ஒரே காலத்தில் செய்தால், பழைய குறிப்போடு ஒப்பிடவும் முடியும்.

5. பின்னை நிறுத்தும் முறை

புதிதாக லீவர் பிடிப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். செயலி சுழியம் காட்டுவது பாதி வேலை. லீவரை எடுத்தபின், நான்கு முறை பலமாக அடித்தபின், அதே சுழியம் நிற்க வேண்டும்.

பின் என்பது சுமார் 7 மி.மீ. தடிமனும் 60 மி.மீ. நீளமும் உள்ள எஃகுத் துண்டு. லீவரைத் திருப்பும்போது தலை முதலில் முறுக்கிக்கொள்ளும், மரத்துக்குள் இருக்கும் அடிமுனை பிறகுதான் நகரும். அடிமுனை நகராமல் தலையின் முறுக்கிலேயே சுருதியைச் சேர்த்துவிட்டால், லீவரை எடுத்த சில நிமிடத்திலோ சில நாளிலோ முறுக்கு விடுபட்டு இறங்கும்.

இரண்டாவது, உராய்வு. பின்னிலிருந்து வரும் கம்பி, பிரஷர் பார் என்னும் உலோகப் பட்டையின் அடியில் அழுந்தி, மேல் விளிம்பைத் தாண்டித்தான் ஒலிக்கும் நீளத்துக்குள் வருகிறது. அந்தச் சின்ன மேல்துண்டில் ஒரு இழுவிசையும் கீழே வேறு இழுவிசையும் இருக்கலாம். மேல்துண்டு தொய்ந்திருந்தால், வாசிக்க வாசிக்கக் கம்பி கீழே நழுவி நோட் இறங்கும்.

லீவரை எந்தத் திசையில் மாட்டுகிறீர்கள் என்பதும் கணக்கு. கடிகார முகமாக நினைத்துக்கொண்டு, 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையே மாட்டுங்கள். 9 மணியில் மாட்டி மேலே தள்ளினால் பின் மேல்பக்கம் வளைந்து, இல்லாத உயரத்தைக் காட்டும், எடுத்ததும் இறங்கும். 3 மணியில் மாட்டிக் கீழே அழுத்தினால் அதற்கு நேர்மாறு; எடுத்ததும் ஏறும். 12 மணியில் வளைவு பக்கவாட்டில் போவதால் கம்பியின் நீளம் அவ்வளவாகப் பாதிக்கப்படாது.

இனி ஒரு கம்பிக்கான ஒழுங்கு. மற்ற இரண்டையும் மியூட் செய்யுங்கள். முதலில் சுருதியை ஒரு இம்மி இறக்குங்கள். துருவோ அழுக்கோ பிடித்திருந்தால் இந்த இறக்கத்தில் விடுபடும். நேராக ஏற்றினால் கம்பி அறுந்துவிடக்கூடும். பிறகு பின்னின் அடிமுனை நகர்வதை உள்ளங்கையில் உணரும் வரை ஏற்றி, இலக்குக்கு மேல் 3 முதல் 5 சென்ட் வரை கொண்டுபோங்கள். கீயைப் பலமாக மூன்று முறை அடியுங்கள். கொஞ்சம் இறங்கும். மீதியை லீவரால் எதிர்த்திசையில் மெல்ல அழுத்திச் சேருங்கள். இது பின்னைத் திருப்பும் அழுத்தமில்லை, தலையின் முறுக்கை எடுக்கும் அழுத்தம் மட்டுமே. மறுபடி மூன்று அடி.

சேர்ந்ததும் சோதிக்க வேண்டும். லீவரை ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் ஒரே அளவு விரல் அழுத்தத்தால் தொட்டு விடுங்கள். இரண்டு பக்கமும் சுருதி சம அளவு அசைந்து, விட்டதும் பழைய இடத்துக்கே வந்தால் பின் நின்றுவிட்டது. இறங்கும் பக்கம் தொட்டதும் எளிதில் இறங்கித் திரும்பி வராவிட்டால், இன்னும் முறுக்கு மிச்சமிருக்கிறது. அந்தக் கம்பியை முதலிலிருந்து செய்யுங்கள்.

சோதனை அடி என்றால் கையை ஓங்கிக் குத்துவதில்லை. அந்தப் பியானோவில் வாசிக்கப்போகும் மிக உரத்த சத்தத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மென்மையாகத் தட்டி ட்யூன் செய்த பியானோ, மாணவர் முதல் பாடத்தை உரக்க வாசித்ததுமே கலையும்.

6. சுருதி வெகுவாக இறங்கிக் கிடந்தால்

பல ஆண்டு ட்யூன் செய்யாத பியானோ 30, 50, சில நேரம் 100 சென்ட்கூட இறங்கியிருக்கும். அதை ஒரே சுற்றில் நுணுக்கமாக ட்யூன் செய்ய முயல்வது பொதுவான தவறு. கடைசிக் கம்பிக்கு வரும்போது முதல் கம்பி மறுபடி இறங்கியிருக்கும்.

கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். அரைச்சுரம் ஏற்றினால் இழுவிசை சுமார் 12 சதவீதம் கூடும். சுமார் 220 கம்பிகளும் சேர்ந்து 18 டன் வரை இழுக்கும் கருவியில் அது இரண்டு டன் கூடுதல் சுமை. அந்தச் சுமையில் சவுண்ட்போர்டு அமுங்குகிறது, சட்டகம் இம்மியளவு வளைகிறது, முன்பு ஏற்றிய கம்பிகள் தொய்கின்றன.

ஆகவே முதல் சுற்றை வேகமாக, இலக்கைத் தாண்டி ஏற்றுங்கள். நடுப்பகுதியிலும் மேல் ஆக்டேவ்களான ட்ரெபிளிலும் குறைவின் கால் பங்கு கூடுதல், பாஸில் பத்து சதவீதம் கூடுதல். ஏ4 40 சென்ட் இறங்கியிருந்தால் +10-க்கு ஏற்றுங்கள். இரண்டாம் சுற்று தொடங்கும்போது சுழியத்தை ஒட்டி வந்திருக்கும். இந்தச் சுற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். உடனே இரண்டாம் சுற்று. நுணுக்கமான ட்யூனிங் இரண்டு மூன்று வாரம் கழித்து.

கம்பி சிவக்கத் துருவேறிய பழைய பியானோ என்றால் ஏ4-க்கு வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்குப் பிடிவாதம் பிடிக்காதீர்கள். கீழேயே தன்னோடு தான் சேர்ந்து ஒலிக்கட்டும். தனியாகப் பயிற்சி செய்ய அது போதும். பாஸ் கம்பிகள் அறுந்தால் அதே அளவில் சுற்றித் தரச் சொல்லிக் காத்திருக்க வேண்டிவரும்.

7. கம்பியில் பார்க்க வேண்டியவை

பின்னில் சுற்று எண்ணுங்கள். மூன்று சுற்று, ஒன்றையொன்று ஒட்டி, இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். சுற்றுகளுக்கிடையே சந்து இருந்தால் வாசிக்க வாசிக்க அது இறுகி, அந்த அளவு கம்பி தொய்யும். கொஞ்சம் தளர்த்தி, தட்டை முனைத் திருகுளியால் சுற்றுகளை ஒன்றோடொன்று நெருக்கி, மீண்டும் ஏற்றுங்கள்.

புதிதாகப் போட்ட கம்பி பல வாரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். எஃகு நீள்வதைவிட, கம்பியின் கீழ்முனை மாட்டியிருக்கும் ஹிட்ச் பின்னையும் பிரிட்ஜில் பதித்த பிரிட்ஜ் பின்களையும் சுற்றி வரும் வளைவுகள் மெல்ல மெல்ல நேராவதுதான் காரணம். அந்த வளைவுகளைப் போட்ட அன்றே பித்தளை முனையால் மெதுவாக அழுத்தி நேராக்கினால் பாதி இறக்கம் அன்றே முடிந்துவிடும். சுத்தியலால் பிரிட்ஜின் மேல் தட்டாதீர்கள்; கம்பி மரத்தில் பள்ளம் பதித்துவிடும்.

கடலோர வீடுகளில் பிரஷர் பாரின் அடியில் துரு பிடிப்பது சகஜம். லீவரைத் திருப்பினாலும் சுருதி நகராமல் இருந்து, திடீரென்று டக்கென்று தாவினால் அதுதான். அந்த உராயும் புள்ளியில் மட்டும், மெல்லிய தூரிகையின் நுனியில் ஒரு துளி மசகு போதும். டபிள்யூடி-40-ஐ ஒருபோதும் பியானோவுக்குள் அடிக்காதீர்கள். அது பறந்து பின் துளைக்குள் போனால் மரத்தின் பிடிப்பு போய்விடும், பிறகு பசையும் ஒட்டாது.

8. தளர்ந்த பின்: சோதனை, பிறகு மருந்து

நல்ல பின் லீவருக்கு அடம்பிடிக்கும். சின்னச் சின்னத் தாவலாக, மரம் முனகுவது கையில் தெரியும்படி நகரும். தளர்ந்தது வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வழுக்கிக்கொண்டு போகும். முறுக்குவிசை அளக்கும் கருவி இருந்தால் 6 நியூட்டன் மீட்டருக்குக் கீழே போவது எச்சரிக்கை, 4.5-க்குக் கீழே சுருதி நிற்காது. கருவி இல்லாவிட்டால் இலக்குக்கு மேல் 5 சென்ட் ஏற்றி, பத்து நிமிடம் தொடாமல் விட்டுப் பாருங்கள். இறங்கினால் தளர்வு உறுதி. ஆனால் இந்தச் சோதனையைப் பகுதி 5-இல் சொன்னபடி முறுக்கை எடுத்தபின்தான் செய்ய வேண்டும், இல்லையென்றால் நல்ல பின்னும் குற்றவாளியாகிவிடும்.

கீழே உள்ள வழிகளை வரிசைப்படி முயலுங்கள்.

முதலில், உள்ளே தட்டுவது. கம்பிச் சுற்றுக்கும் இரும்புத் தகட்டுக்கும் இடையே 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இடம் இருந்தால் மட்டும், பின்னின் தலையில் பஞ்ச் வைத்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு மி.மீ. வீதம் இரண்டு மி.மீ. இறக்கலாம். சுற்று தகட்டைத் தொட்டுவிடக் கூடாது.

அடுத்தது, நீர் போல ஓடும் சயனோஅக்ரிலேட் பசை. கெட்டியான ரகம் உள்ளே இறங்காது. அப்ரைட்டில் பின்கள் படுக்கைவாட்டில் இருப்பதால், பியானோவை முதுகுப் பக்கமாகப் படுக்கவைத்தால்தான் பசை துளைக்குள் போகும். 200 கிலோவுக்கு மேல் எடை. நான்கு பேர், தடிமனான மரக்கட்டைகள், பாதுகாப்பான இடம் மூன்றும் வேண்டும். ஹாமர்கள் அடங்கிய இயங்குபகுதியான ஆக்ஷனை முன்பே கழற்றி வைத்துவிடுங்கள். ஊசி முனையால் பின்னின் அடியில், மரமும் எஃகும் சேரும் வளையத்தில், நான்கைந்து துளி விடுங்கள். உறிஞ்சியதும் மறுபடி விடுங்கள். இரண்டு மூன்று சுற்றில் மேலே தேங்கினால் நிறுத்துங்கள். சுற்றிய கம்பியில் படக் கூடாது. ஜன்னல் திறந்து, கண்ணாடி போட்டுச் செய்யுங்கள். ஆவி கண்ணை எரிக்கும். ஒரு நாள் முழுக்கப் பின்னைத் திருப்பாதீர்கள்.

படுக்கவைக்காமல் நின்ற நிலையிலேயே பின்னின் மேல்பக்கம் பசை விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. ஓரிரு பின்னுக்குச் சில நேரம் உதவும், ஆனால் பெரும்பாலும் தகட்டின் மேல் வழிந்து வார்னிஷைக் கெடுக்கும். பழைய காலத்துப் பின் டோப் என்னும் கிளிசரின் கலந்த திரவத்தை ஊற்றிய பிளாக்கில் பசை சரியாகப் பிடிக்காது. பின்களைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கான கறை தெரிந்தால் பசைக்குச் செலவழிக்க வேண்டாம்.

மூன்றாவது, பெரிய அளவுப் பின். பின்னை ஒரு முழுச் சுற்று தளர்த்தி, கம்பியின் நுனியைப் பின்னின் கண்ணிலிருந்து நெம்பி எடுங்கள். பிறகு பின்னை மெதுவாக, நிறுத்தி நிறுத்திக் கழற்றுங்கள். வேகமாகச் சுழற்றினால் உராய்வின் சூட்டில் துளையின் உட்சுவர் கருகிவிடும். பிறகு எந்தப் பின்னும் பிடிக்காது. பழைய பின்னைக் காலிப்பரால் அளந்து, சுமார் 0.12 மி.மீ. பெரியதான அடுத்த அளவை எடுங்கள். தளர்வு அதிகமானால் இரண்டு அளவு. உள்ளே அட்டையோ உப்புத்தாளோ செருகுவது அன்றைய கச்சேரிக்கு மட்டும் உதவும்.

பாதிக்கு மேற்பட்ட பின்கள் இப்படி என்றால், புதிய பின் பிளாக்கின் செலவும் அந்தப் பியானோவின் மதிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று கணக்குப் பாருங்கள். பெரும்பாலான சாதாரண அப்ரைட்டுகளுக்குப் பொருந்தாது.

9. பிரிட்ஜ்

ஒரு கம்பியைத் தனியாக அடித்தாலும் அதிலேயே அலை கேட்டால், அது சுருதிக் கலைவு இல்லை. எத்தனை முறை ட்யூன் செய்தாலும் போகாது. திருகுளியின் முனையால் அந்தக் கம்பி சாயும் பிரிட்ஜ் பின்னைப் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே அடித்துப் பாருங்கள். அலை நின்றால் பிரிட்ஜ் பின் ஆடுகிறது. அதன் அடியில் அதே மெல்லிய பசை இரண்டு துளி போதும்.

பாஸ் பிரிட்ஜில் டார்ச் அடித்துப் பார்த்தால், பிரிட்ஜ் பின்களின் வரிசையை ஒட்டி மயிரிழை வெடிப்பு ஓடினால் தெரியும். வெடிப்பில் பின்கள் சாயச் சாய, அந்தப் பகுதி மொத்தமும் இறங்கும். கம்பிகளைத் தளர்த்தி, பின்களை எடுத்து, எப்பாக்சி நிரப்பி, திரும்பத் துளையிட வேண்டிய வேலை அது. தளர்த்தாமல் மேலே பசை தடவுவதால் பயன் இல்லை.

10. சட்டகம்

மேல் மூடியைத் திறந்து, பின்பக்க ஓரத்தில் மேலிருந்து பாருங்கள். பின் பிளாக்கும் அதன் பின்னால் உள்ள முதுகுத் தூண்களும் சேரும் கோடு தெரியும். அங்கே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு விரிசல் இருந்தால் ட்யூன் செய்வதை அன்றோடு நிறுத்துங்கள். 18 டன் இழுவை பிளாக்கைத் தூண்களிலிருந்து பிரித்துக்கொண்டிருக்கிறது. மேலும் ஏற்றுவது விரிசலைப் பெரிதாக்கும். கம்பிகளை எல்லாப் பகுதியிலும் சமமாகத் தளர்த்தி, பசை செலுத்தி, நீண்ட போல்ட்டுகளால் நெருக்கிக் கட்ட வேண்டும். இது பட்டறை வேலை.

இரும்புத் தகட்டின் திருகுகளையும் ஒருமுறை பாருங்கள். ஆடும் திருகை நன்றாக இறுக்கலாம், ஆனால் இறுக்கியபின் சுருதி மாறும். ஆகவே ட்யூனிங்குக்கு முன் செய்ய வேண்டும். தகட்டில் வெடிப்பு தெரிந்தால், குறிப்பாகக் கம்பிகளுக்கு இடையே ஓடும் சட்டங்களில், கம்பிகளைத் தளர்த்திவிட்டு யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். வார்ப்பிரும்பு எச்சரிக்காமல் உடையும்.

11. வேலை முடிந்தபின்

எந்தச் சரிசெய்தலுக்குப் பிறகும் பகுதி 2-இன் குறிப்பை மறுபடி எடுங்கள், அதே நோட்டுகளில். பசை ஊற்றிய பின்களை வெள்ளைச் சுண்ணக்கட்டியால் தலையில் புள்ளி வைத்து அடையாளப்படுத்துங்கள். இரண்டாம் வாரம் அவற்றை மட்டும் அளங்கள், பிறகு ஆறாம் வாரம். புள்ளி வைத்தவை நின்று மற்றவை இறங்கினால் தளர்வு பரவுகிறது. புள்ளி வைத்தவையும் மற்றவையும் ஒன்றாக நகர்ந்தால் ஈரப்பதமானியைப் பாருங்கள். பின்களைத் தொட வேண்டாம்.

புதிய கம்பி போட்ட பியானோவுக்கு முதல் ஆண்டில் நான்கு ட்யூனிங் ஒதுக்குங்கள். சுருதி ஏற்றிய பழைய பியானோவுக்கு மூன்றாம் வாரம் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று. அதற்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு.